கபடி ஜெர்சில நம்பர் மூணே துவைப்புல உரியுது... துவைச்ச எங்கம்மா மேல தப்பா, ஒட்டுன கடை மேல தப்பா?

நெ.7 ரைடர் (மன்னார்குடி பக்கம்)

அண்ணன்மாரே அக்காமாரே, இந்த பிரிண்டிங் லைன்ல யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க, வீட்ல பெரிய பஞ்சாயத்தா ஓடிட்டு இருக்கு. பொங்கலுக்கு எங்க ஊர்ல மேட்ச்சு, அதுக்காக டீமுக்கு 24 ஜெர்சி எடுத்தோம், மெரூன் கலரு, பாலியஸ்டர் டாட்நெட் துணி (சின்னச் சின்ன ஓட்டையா இருக்குமே அது), முன்னாடி டீம் பேரு, நெஞ்சுல சின்ன லோகோ, முதுகுல பெரிய வெள்ளை நம்பர், அதுக்கு கீழ ஸ்பான்சர் பண்ண உரக்கடை பேரு ஒரு பெரிய வெள்ளைக் கட்டத்துக்குள்ள. கடைல டி.டி.எஃப் ஸ்டிக்கர் போட்டு மெஷின்ல அமுக்கிக் குடுத்தாங்க. வாங்குன அன்னிக்கு பாத்தா டிவில வர்ற டீம் மாதிரி இருந்துச்சு, எல்லாரும் போட்டுக்கிட்டு வாய்க்கா பாலத்துல நின்னு போட்டோ எல்லாம் எடுத்தோம்.

இப்ப மூணு துவைப்புதான் ஆகிருக்கு. என் ஜெர்சில 7-ஓட வாலு தூக்கிக்கிட்டு நிக்குது, நகத்தால நெம்புனா வந்துரும் போல. உரக்கடை பேரு இருக்கற கட்டம் வெயில்ல காஞ்ச வயல் மாதிரி பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. இது போதாதுன்னு ரெண்டு பேரோட ஜெர்சில வெள்ளை நம்பர் ரோஸ் கலராவே மாறிடுச்சு, சாயம் போகுதான்னு தண்ணில முக்கிப் பாத்தோம், ஒரு சொட்டு கலர் கூட தண்ணில இறங்கல, ஆனா நம்பர் மட்டும் ரோஸு.

கடைக்காரர்ட்ட கேட்டா துவைக்கத் தெரியாம துவைச்சிருப்பீங்க தம்பிங்கறாரு. அதை அப்புடியே வீட்ல வந்து சொல்லித் தொலைச்சேன். முப்பது வருசமா துவைக்கிறேன், எனக்கே துவைக்கச் சொல்லித் தர்றானா அவன்னு எங்கம்மா அன்னிலேர்ந்து என் துணியத் தொட மாட்டேங்குது. இப்ப சித்திரைல கோயில் திருவிழா வருது, வாலண்டியருக்குன்னு இன்னொரு 60 டி ஷர்ட் அடிக்கணும், அதே கடைல குடுக்கலாமா, என்ன கேட்டுக் குடுக்கணும், வாங்குனப்பறம் எப்புடி வச்சுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கும்மோணம் பிரஸ்காரன்

தம்பி நானும் கும்பகோணத்துல சின்னதா ஒரு ஹீட் பிரஸ், அதான் ஸ்டிக்கர சூட்டுல அமுக்கி ஒட்டற மெஷின், வச்சுத்தான் பொழப்ப ஓட்டுறேன், அதனால கடைக்காரன் பக்கமும் பேசுவேன் உங்கம்மா பக்கமும் பேசுவேன், கோச்சுக்காதீங்க. இந்த சண்டை வாராவாரம் என் கடை வாசல்லயே நடக்குறதுதான், கஸ்டமர் நீ சரியா ஒட்டலைம்பாரு, நான் நீங்க சரியா துவைக்கலைம்பேன், ரெண்டு பேருமே பாதி நேரம் பொய்தான் சொல்லுவோம்.

யாரு தப்புன்னு அந்த ஸ்டிக்கரே சொல்லிடும். 7-ஓட வாலு தூக்கியிருக்குல்ல, அதை இன்னும் கொஞ்சம் மெதுவா நெம்பி, பின்பக்கத்த வெளிச்சத்துல பாருங்க. டி.டி.எஃப்ன்னா என்ன, பிலிம்ல மை அடிச்சு, மை ஈரமா இருக்கப்பவே மேல வெள்ளையா பசைப் பவுடர் தூவி, அதை சூட்டுல உருக்கி வச்சிருப்பாங்க, கடைல பிரஸ்ல வச்சு அமுக்குறப்ப அந்தப் பசை மறுபடி இளகி துணியோட நூலுக்குள்ள இறங்கி இறுகணும். சரியா இறங்கியிருந்தா உரிச்ச துண்டோட பின்னாடி துணியோட அச்சு அப்புடியே விழுந்திருக்கும், உங்க டாட்நெட்டா இருந்தா புள்ளி புள்ளியா தேன்கூடு மாதிரி தெரியும், ஒண்ணு ரெண்டு மெரூன் நூலுத் துரும்பு கூட ஒட்டிக்கிட்டு வரும். அதுமாதிரி இல்லாம வழவழன்னு பளபளன்னு இருந்துச்சுன்னா பசை துணிக்குள்ள போகவே இல்ல, மேல சும்மா குந்திக்கிட்டு இருந்திருக்கு, அதுக்கு உங்கம்மா பொறுப்பில்ல. இன்னொரு வகை இருக்கு, பசை துணிலயே பிசுபிசுன்னு நின்னுடும், மை மட்டும் ஏடா உரிஞ்சு வரும், அது பவுடர் சரியா வேகாத பிலிமு, இல்ல பிலிமை உரிக்க வேண்டிய நேரத்துல உரிக்கல. ஹாட் பீல்னு ஒண்ணு, சூட்டோட உரிக்கணும், கோல்ட் பீல்னு ஒண்ணு, கை வச்சா சில்லுனு ஆகற வரைக்கும் காத்திருக்கணும். கூட்டம் நிக்குறப்ப எவன் காத்திருக்கான், நானே அவசரத்துல கோல்ட் பீலை சூட்டோட உரிச்சு கெடுத்திருக்கேன்.

வெடிப்பு வேற கதை. அதுல துவைப்புக்கும் பங்கு இருக்கலாம், கட்டம் பெருசா இருந்ததுக்கும் இருக்கலாம். ரோஸ் கலருக்கு நான் காரணம் சொல்லிடுவேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், அந்த ரெண்டு ஜெர்சியும் இஸ்திரிக்குப் போச்சா?

---

நாகூர் தர்கா தெரு அக்கா

தம்பி, அம்மாட்ட மொதல்ல மன்னிப்பு கேளு, அப்பறம் பிரிண்டப் பத்தி பேசலாம்.

எனக்கு மூணு பசங்க, மூணும் ஸ்கூலு, டியூசன், ஃபுட்பாலுன்னு ஆளுக்கு நாலு இந்த மாதிரி பிரிண்டு போட்ட பனியன் வச்சிருக்குங்க. எங்க ஊரு போர் தண்ணி உப்பு. சோப்பு போட்டா நுரையே வராது, தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா திரியும். நுரை வரலன்னு நாம என்ன பண்ணுவோம், இன்னும் நாலு தேய் தேய்ப்போம், பிரஷ்ஷ எடுப்போம். அந்த பிரஷ்ஷுதான் எமன். காலர் அழுக்குக்கு எடுத்த பிரஷ்ஷ அப்புடியே நெஞ்சுல ஒரு இழு இழுப்போம்ல, அங்கதான் ஓரம் கிளம்பும். ஒரு தடவ ஓரம் கிளம்பிட்டா அந்த சந்துல சோப்பு அழுக்கு போய் உக்காந்துக்கும், அப்பறம் நீ எதை வச்சு ஒட்டுனாலும் ஒட்டாது.

நான் பண்றது இதுதான். பனியன உள்பக்கம் வெளில வர்ற மாதிரி திருப்பி, பவுடர கரைச்ச வாளில அரை மணி போட்டுருவேன். பச்சத் தண்ணி, வெந்நீர் கிடையாது. நாலு மணி நேரம் ராத்திரி பூராவும்னு ஊற விடறதும் கிடையாது. வேர்வை நாத்தம் அக்குள்லதான், அங்க மட்டும் துணியோட துணி வச்சு கையால கசக்குவேன். கல்லுல அடிக்கிறது இல்ல. முறுக்கிப் பிழியிறது இல்லவே இல்ல, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு அமுக்கி தண்ணிய வடிச்சுட்டு திருப்பின மேனிக்கே நெழல்ல கொடில போடுவேன். மொட்டை மாடி தட்டோடுல விரிச்சுப் போடாத தம்பி, பங்குனி சித்திரைல அதுல கால் வைக்க முடியாது, பிரிண்டு எப்புடி தாங்கும்.

பிளீச்சிங் பவுடர், கறைக்கு மண்ணெண்ணெய், தின்னர், நெயில் பாலீஷ் அழிக்கிறது இதெல்லாம் கிட்டயே போகாத. கடைசி அலசல்ல வாசனைக்கு ஊத்துற கண்டிஷனரும் இதுக்கு வேணாம், பிரிண்டு கொழகொழன்னு ஆகுது.

பெரியவனோட ஒண்ணு ரெண்டு வருசம் ஆச்சு. எழுத்து அப்புடியே இருக்கு, துணிதான் அக்குள்ல நைஞ்சு போச்சு.

---

நெ.7 ரைடர் (மன்னார்குடி பக்கம்)

அக்கா மன்னிப்பு கேட்டாச்சு, காபி மட்டும் குடுத்துச்சு, துணி இன்னும் நான்தான் துவைக்கிறேன்.

பிரஸ் அண்ணே நீங்க சொன்ன மாதிரியே 7-ஓட வால நெம்பிப் பாத்தேன். வழவழன்னுதான்ணே இருக்கு. செல்போன் ஸ்கிரீன் கார்டு பின்பக்கம் மாதிரி. நடுப்பகுதில கொஞ்சம் புள்ளி அச்சு தெரியுது, ஓரமா வர வர ஒண்ணுமே இல்ல. நெஞ்சுல இருக்கற லோகோ இதை விட மோசம், பட்டன் பட்டிக்கு பக்கத்துல இருக்கற பாதி மட்டும் எல்லார் ஜெர்சிலயும் தூக்கியிருக்கு, 23 பேரையும் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்துட்டேன், எல்லாத்துலயும் அதே எடம்.

அப்பறம் ஒரு விசயம். 24-ல ஒண்ணு டபுள் எக்ஸ்எல், அந்த சைசுக்கு ஆளே இல்லாம கவர்லயே கெடந்துச்சு, யாரும் போடல, தண்ணியே படல. அதை நேத்து ராத்திரி கவரைக் கிழிச்சு நகம் வச்சுப் பாத்தேன். லோகோ ஓரம் பட்டுனு கிளம்புது!! துவைக்காத ஜெர்சி அண்ணே!!

இஸ்திரி கேட்டீங்கல்ல, ஆமா, ரோஸ் ஆன ரெண்டும் அண்ணன் தம்பி ஜெர்சி, அவங்க வீட்ல தெருவுக்கு வர்ற கரி இஸ்திரி வண்டில குடுத்துருக்காங்க. மத்த யாரும் தேய்க்கல.

நேர்மையா சொல்லணும்ல, வெடிப்புல எங்க தப்பும் இருக்கு போல. ஆத்துல தண்ணி வந்துட்டா எங்க தெருவே படித்துறைலதான், மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா ஜனவரி 28 வரைக்கும்னு கணக்கு, பொங்கல் டைம்ல வாய்க்கா நெறைய தண்ணி, எங்கம்மா படித்துறைக் கல்லுல நாலு சாத்து சாத்தி, நானும் அதுவும் ஆளுக்கு ஒரு முனையப் புடிச்சு முறுக்கித்தான் பிழிஞ்சோம். களிமண்ணு கறை, வேற எப்புடி போகும்.

---

திருத்துறைப்பூண்டி பனியன்

பதினாலு வருசம் திருப்பூர்ல பிரிண்டிங் யூனிட்ல டேபிள்ல நின்னவன், இப்ப ஊரோட வந்துட்டேன். ரோஸ் கதைய நான் சொல்றேன்.

அது சாயம் போறது இல்ல, சாயம் ஏறுறது. பருத்திக்கு ஏத்துற சாயம் வேற, பாலியஸ்டருக்கு ஏத்துற சாயம் வேற. பாலியஸ்டருக்குப் போடறது டிஸ்பர்ஸ் டை, அதுக்கு தண்ணி ஒரு பொருட்டே இல்ல, சூடுதான் அதோட எஜமான். நல்ல சூடு பட்டா துணிக்குள்ள இருக்கற சாயம் ஆவியா கிளம்பி மேல என்ன இருக்கோ அதுக்குள்ள போய் பூந்துக்கும். மேல இருக்கறது வெள்ளை நம்பர். அதனாலதான் தண்ணில முக்கினா கலர் இறங்கல, இஸ்திரி பட்டதும் ரோஸ் ஆச்சு. சிவப்பு, மெரூன் இதுல ரொம்ப வரும். யூனிட்ல நாங்க அடிச்சு முடிச்ச அன்னிக்கு பளிச்சுனு வெள்ளையா இருக்கும், பெட்டில போட்டு நாலு நாள் கழிச்சு தொறந்தா ரோஸ், பையர் வந்து நின்னு கத்துவான். இதுக்குன்னே அடில சாம்பல் கலர்ல தடுப்பு கோட் அடிச்சு அதுமேல வெள்ளை அடிப்போம். டி.டி.எஃப்ல கூட வெள்ளைப் பவுடருக்கு பதிலா கருப்பு பவுடர்னு தடுக்கறதுக்கே ஒண்ணு இருக்கு. உங்க கடைக்காரருக்கு அது தெரியுமான்னு கேளுங்க.

இன்னொண்ணு எனக்குத் தோணுது. அவருக்கு இந்த ரோஸ் பயம் பாதி தெரிஞ்சிருக்கும். அதனால சூட்ட கொறைச்சு வச்சு அமுக்கியிருப்பாரு. சாதா பவுடருக்கு 150, 160 டிகிரி வேணும்னா இவரு 130 வச்சு அஞ்சு செகண்டுல எடுத்திருப்பாரு, நிறம் ஏறல, ஆனா பசையும் இறங்கல. டாட்நெட்ல வேற பாதி எடம் ஓட்டை, பசை புடிக்கறதுக்கு நூலே கம்மி. இந்தத் துணிக்கு கொறஞ்ச சூட்டுலயே இளகற பவுடர் போட்ட பிலிமா வாங்கணும், அப்ப ரெண்டும் தீரும்.

ஆனா என்னக் கேட்டா ஜெர்சிக்கு ஸ்டிக்கரே வேணாம். சப்ளிமேஷன் போங்க. வெள்ளை பாலியஸ்டர் துணிய வெட்டி, பேப்பர்ல அடிச்ச மைய சுமாரா 200 டிகிரில துணிக்குள்ளயே ஏத்தி, அப்பறம் தைக்கறது. மெரூனும் பிரிண்டுதான், பேரும் பிரிண்டுதான். நம்பர் வெள்ளையா தெரியுதே அது மையே இல்ல, மை படாத துணி. உரியறதுக்கு அங்க என்ன இருக்கு? கையால தடவினா கூட ஒண்ணும் தட்டுப்படாது. டிவில நீங்க பாக்கற டீமெல்லாம் பெரும்பாலும் இதான். தைச்சு வரணும், நாள் ஆகும், பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் நின்னா கிடைக்காது.

---

கும்மோணம் பிரஸ்காரன்

பூண்டியார் சொன்னதுல முக்காவாசி ஒத்துக்கறேன். துவைக்காத டபுள் எக்ஸ்எல்லுலயே தூக்குதுன்னா பேச்சே இல்ல தம்பி, அந்த ஜெர்சிய கவரோட கொண்டுபோய் கடை மேசைல வைங்க, துவைப்பு வாதம் அதோட முடிஞ்சுது.

லோகோ பாதி மட்டும் தூக்கறதுக்கு காரணம் சூடு கூட இல்ல, அமுக்கம். பட்டன் பட்டி, தையல், காலரு இதெல்லாம் மேடா இருக்கும், மேல் தகடு அந்த மேட்டுல போய் முட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்துல பள்ளத்துல இருக்கற ஸ்டிக்கருக்கு அமுக்கமே விழாது. நாங்க உள்ள ஒரு சின்ன ஸ்பாஞ்சு தலகாணி வச்சு ஸ்டிக்கர் இருக்கற எடத்த மட்டும் தூக்கிக் குடுப்போம், இல்ல பட்டிய பலகைக்கு வெளில தொங்க விட்டுட்டு அமுக்குவோம். 24 ஜெர்சிலயும் அதே எடத்துல தூக்குதுன்னா அவரு தலகாணி வைக்கல.

ஒரு விசயம் எங்க ஆளுங்களுக்கும் சொல்றேன். டிஸ்பிளேல 160ன்னு காட்டும், தகடு 160ல இருக்காது. டெல்டால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வோல்டேஜ் எப்புடி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, பத்து பீசு தொடர்ந்து அமுக்குனா பதினோராவது பீசுக்கு தகடு ஆறிப் போயிருக்கும். துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் விக்குது, நாலு மூலைலயும் அடிச்சுப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது, என் மெஷின் இடது மூலை பத்துப் பன்னெண்டு டிகிரி கம்மி, அது தெரியாம ஒரு வருசம் ஓட்டியிருக்கேன். அப்பறம் ஐப்பசி கார்த்திகை மழைல துணி எல்லாமே நமுத்துத்தான் இருக்கும், ஸ்டிக்கர் வைக்கறதுக்கு முன்னாடி வெறும் துணிய ஒரு அஞ்சு செகண்டு அமுக்கி ஈரத்த ஓட்டணும், ஆவி போறது கண்ணுக்கே தெரியும். பிலிமை உரிச்சதும் பட்டர் பேப்பரோ டெஃப்லான் ஷீட்டோ போட்டு இன்னொரு தடவ அமுக்கணும். இந்த ரெண்டாவது அமுக்குலதான் ஆயுசே இருக்கு, அதைத்தான் அவசரத்துல எல்லாரும் விட்டுடறோம்.

பூண்டியார்ட்ட ஒத்துக்காதது ஒண்ணு. சப்ளிமேஷன் சப்ளிமேஷன்னு சொல்லி தம்பிய கொழப்பாதீங்க, திருவிழாவுக்கு 60 டி ஷர்ட்டுன்னா அது காட்டனாத்தான் இருக்கும், சித்திரை வெயில்ல பாலியஸ்டர் போட்டுக்கிட்டு பந்தல்ல நீர்மோர் ஊத்தச் சொல்லுவீங்களா. காட்டன்ல சப்ளிமேஷன் நிக்காது, ரெண்டு துவைப்புல மங்கிடும். 60 பீசு, ஒரே டிசைன், பேரு நம்பர் மாறாதுன்னா ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கலாம், கலருக்கு ஒரு ஸ்கிரீன் செலவு. கோயில் கோபுரம், சாமி படம்னு பத்து கலர் வேணும்னா டி.டி.எஃப்தான், காட்டன்ல அது நல்லாவே நிக்கும்.

இருக்கற ஜெர்சிக்கு: அழுக்கு ஏறாத ஓரமா இருந்தா மறுபடி அமுக்கினா ஒட்டும். வீட்லயே பண்ணணும்னா கரண்டு இஸ்திரிப் பெட்டி, ஆவி வர்றத நிறுத்திட்டு, கட்டிலு மெத்தை மேல இல்லாம கெட்டியான மேசை மேல ஒரு துணி விரிச்சு, ஸ்டிக்கர் மேல பட்டர் பேப்பர் போட்டு, ரெண்டு புள்ளி சூட்டுல, தேய்க்காம ஒரே எடத்துல பத்து பதினஞ்சு செகண்டு எக்கி அமுக்கு, எடுத்துட்டு ஆற விடு, ஆறாம பேப்பர உரிக்காத. ஆனா உன்னுது மெரூன் பாலியஸ்டர், நீ அமுக்குற சூட்டுலயே ரோஸ் ஆகலாம், அதனால நீ கைய வைக்காத, கடைக்காரரே பண்ணட்டும். நாளைக்கு நீ அமுக்கி கெட்டுப் போச்சும்பாரு.

வெடிச்ச கட்டத்துக்கு மருந்து இல்ல. கபடின்னா எதிராளி ஜெர்சியப் புடிச்சுத்தான இழுப்பான், அவ்ளோ பெரிய கெட்டி கட்டம் போட்டா எந்த ஸ்டிக்கரும் தாங்காது. முறுக்கிப் பிழிஞ்சது அதை சீக்கிரப்படுத்துச்சு, அவ்ளோதான். அடுத்த தடவ கட்டமே வேணாம், வெறும் எழுத்தா போடச் சொல்லு, ரொம்ப மெலிசு கோடும் வேணாம்.

---

தஞ்சாவூர் இஸ்திரி வண்டி

எங்கப்பா நாப்பது வருசமா கரிப் பெட்டிதான். எல்லாரும் இஸ்திரிக்காரன் மேல போடறீங்க அதான் எழுதறேன்.

கரிப் பெட்டில புள்ளி கிடையாது, திருகு கிடையாது. எங்கப்பா ஈரத் துணில ஒரு தடவ வச்சு அந்த சத்தத்துலயே சூடு சொல்லிடுவாரு. ஆனா காலைல முதல் கரி போட்டு விசிறின உடனே வர்ற சூடு இருக்கே அது காட்டன் வேட்டிக்கான சூடு, 200க்கு மேலயே இருக்கும். அந்த நேரத்துல மூட்டைல அடில உங்க ஜெர்சி இருந்தா என்ன ஆகும். பெட்டிலயே பிரிண்டு ஒட்டிக்கும், அடுத்து வர்ற ஆளோட வெள்ளைச் சட்டைல அது தீட்டிடும், ரெண்டு பேருக்கும் பதில் சொல்றது எங்கப்பா.

குடுக்கறப்ப தனியா எடுத்துக் குடுங்க, பிரிண்டு இருக்குன்னு வாயால சொல்லுங்க. சொன்னா எங்கப்பா திருப்பிப் போட்டு, மேல ஒரு நனைச்ச துணி விரிச்சு, சூடு எறங்குன பெட்டியால பிரிண்ட சுத்தி தேய்ச்சுக் குடுப்பாரு. நூஸ் பேப்பர் வச்சு தேய்க்காதீங்க, அந்த மை இதுல ஏறும்.

டாட்நெட் ஜெர்சிய எதுக்கு இஸ்திரிக்குப் போடறீங்கன்னே எனக்குப் புரியல. உதறிக் காயப்போட்டா அதுல சுருக்கமே விழாது.

---

நாகூர் தர்கா தெரு அக்கா

இன்னொண்ணு விட்டுப் போச்சு. புதுசு வாங்கி வந்தா அன்னிக்கே துவைக்காத தம்பி, ஒரு நாள் முழுசா விட்டுட்டு அப்பறம் தண்ணில போடு. பீரோல மடிச்சு வைக்கறப்ப பிரிண்டும் பிரிண்டும் ஒண்ணோட ஒண்ணு முகம் பாக்கற மாதிரி மடிக்காத, கோடைல இரும்பு பீரோ அடுப்பு மாதிரி, ரெண்டும் ஒட்டிக்கும், பிரிச்சா ஒண்ணோட எழுத்து இன்னொண்ணுல. எங்க நடுவுலவனோட பனியன் அப்புடிப் போச்சு. உள்பக்கம் திருப்பி மடி, இல்ல நடுவுல ஒரு பேப்பர் வை, அதுவும் வெள்ளைப் பேப்பரு.

வாஷிங் மெஷின்னா ஜீன்ஸோட போடாத. ஜிப்பு கீறும்.

---

நெ.7 ரைடர் (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போயிட்டு வந்துட்டேன்.

டபுள் எக்ஸ்எல்ல கவரோட மேசைல வச்சேன். அவரு மொதல்ல பழைய பாட்டத்தான் பாடுனாரு, நான் அண்ணே இது தண்ணியே பாக்காத ஜெர்சின்னு சொல்லி அவரு கையாலயே நகம் வைக்கச் சொன்னேன். லோகோ கிளம்புச்சு. ஒரு நிமிசம் பேசவே இல்ல. அப்பறம் உள்ள வேலை பாக்கற பையனக் கூப்புட்டு தலகாணி எங்கடான்னாரு, அவன் எந்தத் தலகாணின்னு கேட்டான். அதோட எல்லாம் வெளங்கிடுச்சு.

பூண்டி அண்ணே நீங்க சொன்னது அப்புடியே, ரோஸ் ஆகும்னு பயந்துதான் சூட்ட கொறைச்சேன்னு அவரே சொல்லிட்டாரு. கருப்பு பவுடர் கேள்விப்பட்டிருக்காராம், வாங்குனது இல்லையாம். கொறஞ்ச சூட்டுப் பிலிம் வரவழைச்சு நம்பரும் லோகோவும் புதுசா போட்டுத் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு, பழச சூடு காட்டி உரிச்சுட்டு அதுமேல, பசைக் கறை லேசா தெரியும் பரவாயில்லையான்னாரு, சரின்னுட்டேன். கட்டத்துக்கு காசு பாதி நீங்க பாதி நான்னாரு, படித்துறை கதை நான் உளறிட்டேன்ல, அதான். ரோஸ் ஆன ரெண்டுக்கும் ஒண்ணும் பண்ண முடியாதாம், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதுதான் லக்கி ஜெர்சின்னு சொல்லி அப்புடியே விளையாடறோம்ங்கறானுங்க.

திருவிழா டி ஷர்ட்டு 60ம் காட்டன்ல ஸ்கிரீன் பிரிண்டு, ரெண்டே கலரு, பேசி முடிச்சாச்சு. ஒரு பீசு முன்னாடி அடிச்சுக் குடுங்க, துவைச்சுப் பாத்துட்டு மீதிய அடிக்கச் சொல்றோம்னு கேட்டேன், குடுத்துருக்காரு. அந்த ஒரு பீச நேத்து எங்கம்மாட்ட குடுத்து, உன் இஷ்டத்துக்கு துவைம்மான்னேன். ஒரு வாரமா தொடாத துணிய வாங்கிக்கிட்டு நேரா கல்லுக்கிட்ட போச்சு. இப்ப வாய்க்கால்ல தண்ணி இல்ல, வீட்டுப் பின்னாடி கல்லுதான். சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. காய்ஞ்சதும் எடுத்துப் பாத்தேன், பிரிண்டுக்கு ஒண்ணும் ஆகல, துணிதான் கழுத்துல லேசா இழுபட்டுருக்கு, ஜிஎஸ்எம், அதான் துணியோட கனம், கொஞ்சம் கூட்டிக் கேக்கணும் போல, 180 கேட்டா சரியா இருக்குமா பூண்டி அண்ணே?

---

திருத்துறைப்பூண்டி பனியன்

180 போதும், பயோ வாஷ் (என்சைம் போட்டு பிசிற எடுக்கற வாஷ்) பண்ணதா கேளுங்க, மேல பிசிறு இல்லாம பிரிண்டு சுத்தமா உக்காரும். கழுத்து ரிப்புல லைக்ரா இருக்கான்னு இழுத்துப் பாத்து வாங்குங்க. அம்மாட்ட இன்னும் ரெண்டு துவைப்பு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, திருப்பூர்ல இந்த மாதிரி டெஸ்டுக்கு தனியா லேப் வச்சு காசு வாங்குறாங்க.